மாமாவின் ரிக்கார்டுப் பெட்டியும் நான் குண்டூசியால் கீறிய தட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் படித்துவிடுங்கள். உங்களில் சிலர் வீட்டுப் பரணும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

மல்லாங்கிணற்றில் எங்கள் தாய்மாமா மைக் செட் வைத்திருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சடங்கு, காதுகுத்து, கல்யாணம், பங்குனிப் பொங்கல் எதுவானாலும் முதல் நாள் சாயங்காலமே மாட்டு வண்டியில் பெட்டி வந்து இறங்கும். வேப்ப மரத்தில் ரெண்டு குழாய், தெருமுனைப் பனையில் ஒன்று. முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அது முடிந்தால்தான் மற்றதெல்லாம். நடுச்சாமத்தில் கட்டபொம்மன் வசனத் தட்டைப் போடுவார். சிவாஜி கர்ஜிக்கிற சத்தம் காரியாபட்டி ரோடு வரைக்கும் போகும். படமே பார்க்காத எங்கள் பாட்டிக்கு வசனம் முழுக்க மனப்பாடம்.

மாமாவிடம் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. நல்ல பாட்டுள்ள தட்டுகளின் நடுவில், பேர் அச்சடித்திருக்கும் வட்டத்தின் மேல், பச்சைக் காகிதம் ஒட்டிவிடுவார். ஏன் மாமா என்று கேட்டால், "பக்கத்து ஊர் செட்டுக்காரன் எட்டிப் பார்த்துட்டுப் போய் அதே தட்டை வாங்கிருவான்டா" என்பார். எந்தத் தட்டு எது என்று அவருக்கு மட்டும் தெரியும். ஓரத்தைத் தடவியே சொல்லிவிடுவார்.

மாமா போய் வருஷமாகிவிட்டது. வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். போன மாதம் பரணைக் காலி செய்தபோது மூன்று தகரப் பெட்டிகள் கிடைத்தன. நானூறு தட்டுக்கு மேல் இருக்கும். பாதி பழைய அரக்குத் தட்டு, மீதி பிற்காலத்து வினைல். பெரிய மாப்பிள்ளை சென்னையில் ஒரு வியாபாரியிடம் பேசிவிட்டார். மொத்தமாக ஒரு விலை, வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வார்களாம். சின்ன மாப்பிள்ளைக்கு அதில் சம்மதமில்லை. "எங்க அப்பா ஞாபகம். புது வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரி போட்டு வைக்கணும்" என்கிறார். ரெண்டு பேரும் போனில் சண்டை போட்டுவிட்டு என்னிடம் வந்தார்கள். "அத்தான், நீங்க வாத்தியார். நீங்க சொல்லுங்க."

நான் சொன்னது ரெண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மொத்தமாக விற்பதும் தப்பு, கண்ணாடிக்குள் பூட்டுவதும் தப்பு. முதலில் ஒவ்வொரு தட்டையும் துடைத்து ஓட்டிக் கேளுங்கள். பேரை எழுதுங்கள். பிரதி எடுங்கள். அதற்குப் பிறகு விற்றால் விற்றுக்கொள்ளுங்கள், அலமாரியில் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஓடாத தட்டு சத்தம் போடாத பட்டாசு மாதிரி. நம்ம ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. அது பெருமைப்படுகிற காரணம் இல்லை.

என்னிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவர்கள் 'ஒலி' பாடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டுவேன். முனையில் ஒரு குண்டூசி. மேசை மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, அதில் ஒரு கறுப்புத் தட்டைச் செருகி விரலால் சுற்றுவேன். கூம்பிலிருந்து ஒரு பெண் குரல் மெலிசாக, மூக்கடைத்த மாதிரி வரும். "பார்த்தீங்களா, கரண்ட் இல்லை, பேட்டரி இல்லை. பள்ளத்தில் ஊசி ஆடுது, ஊசி ஆடினா தாள் ஆடுது, தாள் ஆடினா காற்று ஆடுது" என்று நான் சொல்ல, நீங்கள் கைதட்டுவீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் இதைச் செய்தேன். ஒவ்வொரு வருஷமும் ரெண்டு செக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் குண்டூசி அந்தப் பள்ளத்தை உழுதது.

அந்தத் தட்டு மாமா கொடுத்தது. ஊசி ஓர் இடத்தில் சிக்கிக்கொள்ளும், கல்யாண வீட்டுக்கு ஆகாது என்று என்னிடம் தந்தார். நடுவில் பச்சைக் காகிதம். அடியில் யார் பேர் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றபோது மற்ற சாமான்களோடு வீட்டுக்கு எடுத்து வந்தேன். சில வருஷம் முன்னால் ஈரம் பட்டுக் காகிதம் உரிந்தது. 1930-களில் நம் பக்கத்தில் வள்ளி வேஷம் கட்டிய ஒரு ஸ்பெஷல் நாடக நடிகையின் பேர் இருந்தது. அந்த அம்மாவின் பேத்தி என்னிடம் படித்த பெண். 1988-இல் பத்தாம் வகுப்பு, ரெண்டாவது பெஞ்சு. கூம்பிலிருந்து வந்த குரலைக் கேட்டுக் கைதட்டியவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. அவள் வீட்டில் பாட்டியின் ஒரு போட்டோ இருக்கிறது, குரல் எங்கேயும் இல்லை. பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

இதை அவளிடம் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆனது.

இசைத்தட்டு என்றால் பழைய காலத்து அலங்காரச் சாமான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செங்கோட்டை கிட்டப்பா 1906-இல் பிறந்தவர், 1933-இல் இருபத்தேழு வயதில் இறந்துபோனார். சினிமாவில் நடித்ததே இல்லை. அந்தக் குரலை நாம் இன்றைக்கும் கேட்க முடிகிறது என்றால் மூன்று நிமிஷம் ஓடுகிற அரக்குத் தட்டுகள்தான் காரணம். சிவகாசியில் 1886-இல் பிறந்த தியாகி விஸ்வநாததாஸ் நாடகத்தில் சுதந்திரப் பாட்டுப் பாடியதற்காகப் பலமுறை ஜெயிலுக்குப் போனவர். 1940 டிசம்பர் கடைசி நாள் சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். அவர் பாடியதை நேரில் கேட்ட தலைமுறை நம் ஊரிலிருந்து போய்விட்டது. அந்தக் காலத்து நாடகக்காரர்களின் குரல் எந்த ஊர்ப் பரணில், எந்தப் பச்சைக் காகிதத்துக்கு அடியில் இருக்கிறதோ என்ற எண்ணம் எனக்கு இப்போது அடிக்கடி வருகிறது.

இந்தப் பச்சைக் காகித விஷயத்தை இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் வேலை பார்க்கும் நம் பள்ளிப் பையன் ஒருவனிடம் போனில் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "சார், இதே வேலையை இங்கேயும் செஞ்சிருக்காங்க" என்றான். அவன் சொல்லித்தான் எனக்கு சோல் இசையைப் பற்றித் தெரிய வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் சர்ச்சில் உருகிப் பாடிய முறையை எடுத்துக் காதலுக்கும் பிரிவுக்கும் பாடினால் அது சோல். டெட்ராய்ட் நகரத்தில் மோட்டவுன் என்ற கம்பெனி 1959-இல் தொடங்கி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தச் சமயம் பாடி, விற்காமல் போன தட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த விற்காத தட்டுகளை வட இங்கிலாந்துத் தொழிலாளிப் பிள்ளைகள் தேடித் தேடி வாங்கி, விடிய விடியப் போட்டு ஆடியிருக்கிறார்கள். விகன் என்ற ஊரில் இருந்த கேசினோ அரங்கம் இதற்குப் பேர் போனது. 1973 முதல் 1981 வரை நடந்தது. அதெல்லாம் ஒரு காலத்தில் பஞ்சாலை ஊர்கள். ராஜபாளையம், அருப்புக்கோட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே தட்டுப் போடுகிறவர்கள் அரிய தட்டின் பேரை மறைத்து, வேறு பேர் ஒட்டி, பொய்ப் பேர் சொல்லிப் போடுவார்களாம். அடுத்த அரங்கத்துக்காரன் கண்டுபிடித்துவிடக் கூடாது. விகனுக்கும் மல்லாங்கிணற்றுக்கும் ஒரே புத்தி! மாமா இருந்திருந்தால் இதைக் கேட்டு மீசையைத் தடவியிருப்பார்.

மறைக்கிற புத்தியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாதிக்கப்படுகிறது பாடியவர். அவர் பாட்டுக்கு ஆயிரம் பேர் ஆடுகிறார்கள், அவர் பேர் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. என் வகுப்பிலும் அதுதானே நடந்தது?

அந்தப் பையன் சொன்ன இன்னொரு கதைதான் விற்க நினைக்கிற பெரிய மாப்பிள்ளைக்கு. பிராங்க் வில்சன் என்பவர் 1965-இல் மோட்டவுனுக்காக ஒரு பாட்டுப் பாடினார். வெளியிடாமலே விட்டுவிட்டார்கள். விளம்பரத்துக்கு என்று அடித்த தட்டுகளில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் மிஞ்சியது. அந்த ஒரு தட்டு 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே பாட்டை 1979-லேயே இங்கிலாந்தில் மறுபடி தட்டாகப் போட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் சில்லறைக் காசுக்கு வாங்கிக் கேட்கலாம். எல்லோரும் கேட்டு முப்பது வருஷம் கழித்துத்தான் அசல் தட்டு அந்த விலைக்குப் போனது. பிரதி எடுத்தால் மதிப்புப் போய்விடும் என்று வியாபாரி சொன்னால் நம்பாதீர்கள். பாட்டு பரவினால்தான் அசலுக்கு விலை.

தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு இது புரியும். நாங்கள் சின்ன வயதில் சாத்தூர், சிவகாசித் தீப்பெட்டிப் படங்களை நோட்டில் ஒட்டிச் சேர்த்தோம். படத்தை எல்லோருக்கும் காட்டுவோம், காட்டினால்தான் மதிப்பு. பெட்டியில் பூட்டியவனை யாரும் மதித்ததில்லை.

நம் பாட்டுகளை மறுபடி தட்டாகப் போடுகிற வேலையும் நடக்கிறது, ஆனால் நம்மால் இல்லை. இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான பாட்டுகளில் சிலவற்றைத் தொகுத்து 'சொல்லச் சொல்ல' என்ற பேரில் வினைலாக வெளியிட்டது ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி. அந்தப் பையன் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான். தமிழே தெரியாத வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாங்குகிறார்களாம். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நாம் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டோம். சிலர் வினைல் தட்டை வெந்நீரில் முக்கி வளைத்துப் பூச்சட்டி செய்து டிவி மேல் வைத்தார்கள். (அந்தப் பூச்சட்டி எங்கள் வீட்டிலும் இருந்தது. செய்தது யார் என்று சொன்னால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.)

நம்மவர்கள் யாரும் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் ஆயுசு முழுக்கப் பல்லாயிரம் தட்டு சேர்த்து, அதைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தவர். கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்ததை வைத்து 1994-இல் தொடங்கிய நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் பாதுகாக்கப்படுகின்றன. மும்பையில் இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கம் 1990 முதல் இருக்கிறது. அவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து பழைய 'ஓடியன்' தட்டுகளை டிஜிட்டலாக்கி எல்லோரும் கேட்க வழி செய்தார்கள். சேர்த்தவர்களில் பெரிய மனுஷர்கள் என்று நான் நினைப்பது இவர்களைத்தான். பிறருக்குக் கேட்கக் கொடுத்தார்களே.

உரிமைப் பிரச்சினை வருமே சார் என்று வக்கீலுக்குப் படித்த பிள்ளைகள் உடனே கேட்பீர்கள். நியாயம்தான். 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, அது வெளிவந்த அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம். ஆக 1930-களில் வந்த தட்டின் ஒலிப்பதிவுக்கு இப்போது யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அவர்கள் இறந்த பிறகும் 60 வருஷம் உண்டு. அதைப் பார்க்காமல் விற்பனைக்குப் போடக் கூடாது. வீட்டில் கேட்கப் பிரதி எடுத்து வைப்பது ஒரு காரியம், கடைக்குக் கொண்டு போவது வேறு காரியம். உயிரோடு இருக்கிற கலைஞருக்குப் போக வேண்டிய காசைப் போகாமல் செய்துவிட்டு "இசை சேவை" என்று பேசுவது எனக்குப் பிடிக்காது.

உரிமையை விட்டுக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் உண்டு. பாரதியார் பாட்டுகளை இசைத்தட்டில் பதிக்கிற உரிமை ஒரு காலத்தில் ஒரு தனி வியாபாரியிடம் இருந்தது. அவரிடமிருந்து ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். அவர் சினிமாவுக்கு வருமுன் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவர், சரஸ்வதி ஸ்டோர்ஸ் பங்குதாரர். டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு வந்தபோது வழக்குப் பேச்சு எழுந்தது. பாரதியை விடுதலை செய் என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். ஓமந்தூரார் காலத்தில் அரசு கேட்டபோது செட்டியார் பணம் வாங்காமலே உரிமையைக் கொடுத்துவிட்டார். 1949-இல் அரசுடைமை ஆனது, சில வருஷத்தில் மக்களுக்கே விடப்பட்டது. ஆ.இரா.வேங்கடாசலபதி இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஆண்டு விழாவில் நம் பள்ளிப் பிள்ளை யாரிடமும் கேட்காமல் பாரதி பாட்டுப் பாடுகிறது என்றால் அது தானாக வந்ததில்லை.

இனி, வீட்டில் தட்டு வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் வாத்தியார் வேலை.

கனமாக, கீழே விழுந்தால் தட்டு மாதிரி உடைகிறதா? அது அரக்கு. அரக்குப் பூச்சியிலிருந்து எடுக்கிற பிசினில் செய்தது. நிமிஷத்துக்கு 78 சுற்று. வளைகிறதா? அது வினைல், 33 அல்லது 45 சுற்று. அரக்குத் தட்டை ஸ்பிரிட், சானிடைசர், கொலோன் எதையும் வைத்துத் துடைக்கவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச் சாமானுக்கு பாலிஷ் போடுகிற ஆசாரியைக் கேளுங்கள், அவர் சொல்வார். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, மெல்லிய துணி, பள்ளம் போகிற திசையிலேயே துடைத்துச் சீக்கிரம் காய வைக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் காகிதத்தில் ஈரம் படக் கூடாது. படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு வினைல் அப்பளம் ஆகிவிடும். 78-க்கு அகலமான முனையுள்ள தனி ஊசி வேண்டும். வினைல் ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். உங்கள் கருவியில் 78 இல்லையென்றால் 45-இல் ஓட்டிப் பதிந்து, கம்ப்யூட்டரில் 1.733 மடங்கு வேகம் கூட்டிக்கொள்ளலாம். 78-ஐ 45-ஆல் வகுத்துப் பாருங்கள், வரும்.

அதோடு பேர். தட்டின் நடுவில் இருக்கும் அத்தனை எழுத்தையும் எண்ணையும் போட்டோ எடுத்து, பாட்டின் கோப்போடு சேர்த்து வையுங்கள். பேர் இல்லாத பிரதி பச்சைக் காகிதத்துக்குச் சமம்.

ரெண்டு வாரம் முன்னால் மதுரையிலிருந்து நம் பழைய மாணவர் ஒருவர் 78 ஓடுகிற கருவியும் சரியான ஊசியும் கொண்டு வந்தார். மாமா பெட்டியைத் திறக்கும் முன்னால் நான் என் தட்டை எடுத்துக் கொடுத்தேன். போட்டார். வெறும் இரைச்சல். ஆஸ்பெஸ்டாஸ் மேல் மழை பெய்கிற மாதிரி. நான் உழுத பக்கம் அது. எனக்குத் தலை நிமிரவில்லை.

"சார், தட்டுக்கு ரெண்டு பக்கம் உண்டே" என்றார் அவர்.

இருபது வருஷமாக நான் ஒரே பக்கத்தைத்தான் மேலே வைத்திருக்கிறேன். பச்சைக் காகிதம் இருக்கிற பக்கம். அடையாளத்துக்கு. திருப்பிப் போட்டார். மேசையில் உரசிய கீறல்கள் இருந்தன. முதல் அரை நிமிஷம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஆர்மோனியம் வந்தது, அதன் மேல் அந்தக் குரல் ஏறி நின்றது. ஒரே இடத்தில் சிக்கியது, அவர் விரலால் லேசாகத் தள்ளிவிட்டார்.

பேத்திக்குப் போன் போட்டேன். விருதுநகரிலிருந்து அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். ஐம்பது வயது தாண்டிய பெண், என் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். பாட்டு முடிந்ததும், "எங்க அம்மா தாலாட்டும்போது இந்த இடத்தில்தான் சார் இழுப்பாங்க" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "இன்னொரு தடவை போடுங்க சார்" என்றாள். மூன்றாம் தடவை போட்டபோது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். முறையாகப் பதிந்த பிரதியையும் அன்றைக்கே அவளுக்கு அனுப்பிவிட்டோம்.

மாப்பிள்ளைகள் ரெண்டு பேரும் அன்று இருந்தார்கள். பெரியவர் சென்னைக்காரரிடம் ஆறு மாதம் தவணை கேட்டிருக்கிறார். சின்னவர் அலமாரிக்கு வைத்த காசில் ஒரு ஊசி வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார். நல்ல பாட்டு நாலைந்து தேறி, உரிமைக்காரர்களும் சம்மதித்தால் சின்னதாக ஒரு தட்டாகவே போட்டுவிடலாம் என்று ஆசை இருக்கிறது. அட்டை அச்சடிக்க நமக்குச் சிவகாசி பக்கத்தில்தானே? அதைப் பிறகு பார்ப்போம்.

வருகிற ஞாயிறு காலை 10 மணியிலிருந்து மாமா வீட்டுத் திண்ணையில் பெட்டிகளைத் திறக்கிறோம். எழுத ஆள் வேண்டும், நல்ல கையெழுத்து இருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் தட்டு இருந்தால் எடுத்து வாருங்கள், பிரதி எடுத்துத் திருப்பித் தருகிறோம், காசு வேண்டாம். மத்தியானம் அத்தை கையால் சாப்பாடு. தட்டை பைக் டேங்க் மேல் வெயிலில் வைத்துக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள். பழைய வேட்டியில் சுற்றி, நிமிர்த்திப் பிடித்துக் கொண்டு வாருங்கள்.